யானை இட்ட மாலை

சென்ற ஆண்டு நம் தமிழ்ச் சங்க மலருக்கு நான் ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். அது அச்சாகவில்லை. மலர்க் குழுவில் இருந்த அண்ணன் ஒருவர், வேதியியலில் ஆராய்ச்சி செய்பவர், கதையை நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கதை பெரிதன்று. தார்நாகா நாற்சந்தியில் மழை கொட்டுகிறது. மெட்ரோ நிலையத்துப் படிக்கட்டின் கீழ் ஒதுங்கி நிற்கிறாள் ஒரு பெண். தலையைத் துவட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், மூன்று ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை அற்றுப்போன அவளுடைய அக்காள் எதிரே நிற்கிறாள். இருவரும் கண்ணீர் விடுகிறார்கள். கதை முடிகிறது.

அண்ணன் என் தமிழைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். தங்கையும் அக்காளும் இதே நகரத்தில்தானே வாழ்கிறார்கள், அக்காளின் தொலைபேசி எண் தங்கையிடம் இருப்பதாகக் கதையிலேயே வருகிறதே, பிறகு மழை எதற்கு என்றார்.

எனக்குச் சினம் பொங்கியது. நான் புள்ளியியல் மாணவி. தற்செயல் என்பது எனக்குப் பாடம். உலகத்தில் தற்செயல் நடக்கத்தான் செய்கிறது, கதையில் மட்டும் நடக்கக்கூடாதா என்று வாதாடினேன். அவர் மறுக்கவில்லை. நடக்கலாம், ஆனால் யாருக்கு நடக்கலாம் என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் ஒரு பழைய நூலைக் கொண்டுவந்து தந்தார். அது மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம். தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து, ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதி, அதோடு மறந்துபோன நூல்.

மாயூரம் என் சொந்த ஊர். 1982ஆம் ஆண்டு அதன் பெயர் மயிலாடுதுறை என்று மாறியது. அந்த ஊர்ப் பெண்ணின் கையில், அறுநூறு மைலுக்கு அப்பால், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆசிரியரின் நூல் வந்து விழுந்ததே, இதுவும் தற்செயல்தானா என்று ஒரு கணம் வியந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. அண்ணன் என் ஊரைத் தெரிந்துகொண்டுதான் அந்த நூலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். தற்செயல் என்று நாம் எண்ணுகின்ற பலவற்றின் பின்னால் இப்படி யாரோ ஒருவருடைய அக்கறை மறைந்திருக்கிறது.

நூலைப் படித்து முடித்ததும் அதை எழுதிய மனிதர் எப்படிப்பட்டவர் என்று அறிய ஆவல் பிறந்தது. அறிந்தவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பம். திருச்சியில் தியாகராசப் பிள்ளை என்னும் ஆசிரியரிடம் அவர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இரண்டு மொழிகளையும் செம்மையாகக் கற்ற இளைஞர்கள் அந்நாளில் மிகச் சிலர். நீதிமன்றங்களுக்கோ அப்படிப்பட்டவர்கள் மிகவும் தேவை. வழக்காடுகின்றவர்கள் தமிழர்கள், தீர்ப்புக் கூறுகின்றவர்கள் வெள்ளையர்கள். இடையே நிற்க ஒரு மொழி அறிந்தவர் வேண்டுமல்லவா? 1848இல் அவர் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த 1857ஆம் ஆண்டில், தெற்கே அமைதியான தரங்கம்பாடிக் கடற்கரையில் அவர் முன்சீப்பாகப் பதவி ஏற்றார். பின்பு சீர்காழியிலும் மாயூரத்திலும் பணியாற்றினார். மாயூரத்தில் நெடுங்காலம் இருந்தபடியால் அந்த ஊரே அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

முன்சீப்பின் வேலை என்ன? நாள்தோறும் கதைகளைக் கேட்பதுதான் அவர் வேலை. நிலத்தகராறு, கடன்பத்திரம், பாகப்பிரிவினை என்று ஒவ்வொரு வழக்கிலும் இரண்டு கதைகள் வரும். வாதி ஒன்று சொல்வார், பிரதிவாதி மற்றொன்று சொல்வார். எது நடந்தது, எது கட்டியது என்று பிரித்தறிய வேண்டும். கிழவர் இறப்பதற்கு முதல்நாள் தற்செயலாக ஒரு பத்திரம் எழுதினார், அந்த வழியாகத் தற்செயலாகப் போன இருவர் சாட்சிக் கையெழுத்து இட்டார்கள், அந்தப் பத்திரம் தற்செயலாக இன்றைக்குத்தான் பெட்டியில் அகப்பட்டது என்று ஒருவர் சொன்னால், நேர்மையான எந்த நீதிபதியும் புருவத்தை உயர்த்துவார். ஒரு தற்செயலை ஒப்புக்கொள்ளலாம். இரண்டைப் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வரும்போது அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது என்று ஐயுறுவதே அறிவு.

தற்செயலை ஐயுறுவதையே தொழிலாகக் கொண்ட இந்த மனிதர் தம் தொழிலை மிகவும் மதித்தவர். சதர் அதாலத்து என்னும் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் கிடந்தன. எந்தச் சட்டத்தால் தம் நிலம் போயிற்று என்பதைத் தோற்ற குடியானவர் படித்தறிய வழியில்லை. 1805 முதல் 1861 வரை வெளிவந்த தீர்ப்புகளின் சாரத்தைத் திரட்டித் தமிழில் தந்தார் வேதநாயகர். சித்தாந்த சங்கிரகம் என்பது அந்த நூலின் பெயர். சட்டத் தமிழ் என்று இன்று நாம் பேசுகிறோம். அதற்கு முதல் கல் நாட்டியவர்களுள் ஒருவர் அவர்.

நீதிமன்றம் முடிந்து வீடு திரும்பியபின் அவர் பாடல் எழுதினார். 1859இல் நீதிநூல் வெளிவந்தது. கைக்கூலி வாங்குவோரை அதில் கடுமையாகச் சாடினார். நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்துகொண்டே அதை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். 1869இல் பெண்மதி மாலை வெளிவந்தது. பெண்கள் படிக்கவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வேட்கை. மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளியும் தொடங்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர்மீது குளத்துக் கோவை என்னும் நூலையே மகாவித்துவான் பாடினார். பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க 1871இல் மாயூரம் வந்து சேர்ந்த ஓர் ஏழை மாணவர் அந்த நட்பை அருகிலிருந்து கண்டு, பிற்காலத்தில் தம் வரலாற்றில் எழுதிவைத்தார். அந்த மாணவர்தான் உ. வே. சாமிநாதையர். சைவப் பெரும்புலவரும் கத்தோலிக்க முன்சீப்பும் தமிழால் ஒன்றாயினர்.

இப்படிப்பட்ட மனிதர் 1879இல் உரைநடையில் ஒரு நீண்ட கதையை வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லையே என்ற குறையைப் போக்கவே இதை எழுதினேன் என்ற கருத்தை முன்னுரையில் தெரிவித்தார். பாட்டில் சொன்ன நீதிகளைக் கதையிலே நடமாடவிட்டுக் காட்டவும் அவர் விரும்பினார். அந்தக் கதைதான் பிரதாப முதலியார் சரித்திரம். கதையைத் தன் வாயால் சொல்பவன் பிரதாபன். செல்வர் வீட்டுப் பிள்ளை, நல்லவன், கொஞ்சம் அசடு. அவன் மணந்த ஞானாம்பாளோ அறிவிற் சிறந்தவள்.

கதையின் நடுவில் கணவனும் மனைவியும் பிரிய நேர்கிறது. அவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. ஞானாம்பாள் ஆண் உடை அணிந்துகொண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். விக்கிரமபுரி என்னும் நகரத்தை அடைகிறாள். அந்த நகரத்து அரசன் இறந்துவிட்டான். ஆண் வாரிசு இல்லை. பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை யார் கழுத்தில் மாலை இடுகிறதோ அவரே அரசர். கூடியிருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு யானை நேரே வந்து, ஆண் வேடத்தில் நின்ற ஞானாம்பாளின் கழுத்தில் மாலையை இடுகிறது. அவள் அரசனாகிறாள். பின்பு பிரதாபனும் அதே நகரத்துக்கே வந்து சேர்கிறான். அரசனாய் இருப்பவள் தன் மனைவியே என்று அறிகிறான்.

தற்செயலை நம்பாத முன்சீப்பா இதை எழுதினார்? முதல் முறை படித்தபோது எனக்கு வெற்றி பெற்ற மகிழ்ச்சி. என் கதையில் ஒரு மழைதான் வந்தது. இங்கே ஒரு யானையே வருகிறது. இதைக் கொண்டே அண்ணனை மடக்கிவிடலாம் என்று எண்ணினேன்.

யானை மாலையிடுவது நம் நாட்டுக்குப் புதிதன்று என்பதும் எனக்கு வலுச் சேர்த்தது. கரிகாலனை யானையே தேடிச்சென்று அரசுக்குக் கொண்டுவந்தது என்பது பழைய வரலாறு. கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூர் வரை சென்று அவனைக் கொணர்ந்ததாகப் பழமொழி நானூறு கூறும். பெரியபுராணத்திலே மூர்த்தி நாயனார் மதுரைக்கு அரசரானதும் இவ்வாறேதான். கழுமலம் என்பது சீர்காழியின் பன்னிரண்டு பெயர்களுள் ஒன்று. சீர்காழி வேதநாயகர் முன்சீப்பாக இருந்த ஊர். ஆகா, பார்த்தீர்களா என்று துள்ளத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. ஆனால் பழமொழிப் பாட்டில் வரும் கழுமலம் வேறோர் ஊராகவும் இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அது நிற்க. தேடினால் எங்கும் பொருத்தம் தென்படும் என்பதுதான் என் பாடத்தில் நான் கற்ற முதல் பாடம்.

அதைச் சிறிது விளக்கவேண்டும். நம் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் 27 பேர் இருந்தோம். பேச்சுவாக்கில் இருவருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் என்று தெரியவந்தது. எல்லோரும் வியந்தார்கள். 365 நாட்கள் இருக்க, இந்தச் சின்னக் கூட்டத்தில் இப்படி ஒரு பொருத்தமா என்றார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. 27 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 351 இணைகள் கிடைக்கும். அவற்றுள் ஏதேனும் ஓர் இணை பொருந்தினாலும் நாம் வியப்போம். அப்படிப் பொருந்துவதற்கு நூற்றுக்கு 62க்கு மேல் வாய்ப்பு உண்டு. 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். பொருந்தாத இணைகளை யாரும் எண்ணுவதில்லை. பொருந்தியது மட்டும் நினைவில் நிற்கிறது.

ஆகவே, உலகத்தில் தற்செயல் மிகுதி என்று நான் வாதாடியது சரிதான். ஆனால் அதே கணக்குத்தான் என்னைத் தோற்கடிக்கவும் செய்தது. உலகத்தில் கோடிக்கணக்கான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றுள் சில பொருந்துகின்றன. கதையிலோ நடப்பது ஒன்றுதான். அதை நடத்துபவரும் ஒருவர்தான். தார்நாகா நாற்சந்தியை நாள்தோறும் எத்தனையோ ஆயிரம் பேர் கடக்கிறார்கள். அவர்களுள் யாரோ இருவர் எதிர்பாராமல் சந்தித்தால் அது இயல்பு. நான் தேர்ந்தெடுத்த இருவரே, நான் வேண்டிய நேரத்திலேயே, நான் வேண்டிய இடத்திலேயே சந்தித்தால் அது இயல்பன்று. அந்த மழையின் பின்னால் என் கை இருக்கிறது. முன்சீப்பு புருவத்தை உயர்த்தும் இடம் இதுதான்.

அப்படியானால் நல்ல கதைகளில் தற்செயலே கிடையாதா? உண்டு. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். சிலம்பு விற்க மதுரைக்கு வந்த கோவலன் எத்தனையோ பொற்கொல்லர் வாழும் நகரத்தில், அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனையே சந்திக்கிறான். இதைவிடப் பெரிய தற்செயல் எது? ஆயினும் அதைப் படித்து யாரும் இளங்கோவைக் குறை கூறுவதில்லை. அந்தச் சந்திப்பு யாருடைய சிக்கலையும் தீர்க்கவில்லை, சிக்கலை இறுக்குகிறது. தேவி சிலம்பும் கோவலன் கையிலிருந்த சிலம்பும் ஒத்திருந்தது தற்செயல். அந்த ஒற்றுமையையே சான்றாகக் கொண்டு ஆராயாமல் தண்டித்தது அரசனின் தவறு. காவியம் அந்தத் தவற்றின்மேல் நிற்கிறதே அன்றித் தற்செயலின்மேல் நிற்கவில்லை.

மேலை நாட்டில் அரிஸ்டாட்டில் இதைப்பற்றி முன்பே சிந்தித்திருக்கிறார். ஆர்கோஸ் நகரத்தில் மித்திஸ் என்பவரின் சிலை சாய்ந்து, அவர் சாவுக்குக் காரணமாயிருந்தவன்மேலேயே விழுந்து அவனைக் கொன்றதாம். தற்செயலாக நடந்தாலும் அதிலே ஒரு நோக்கம் இருப்பதுபோல் தோன்றுவதால் இத்தகைய நிகழ்ச்சிகள் நம்மை மிகவும் வியக்கவைக்கின்றன என்பது அவர் கருத்து. வேதநாயகர் பள்ளிக்குச் செல்லும் வயதில் இங்கிலாந்தில் வெளிவந்த டிக்கன்ஸின் ஆலிவர் டுவிஸ்ட் கதையைப் பாருங்கள். சிறுவன் முதன்முதல் திருட்டில் அகப்படும்போது பொருளைப் பறிகொடுத்தவர் அவனுடைய தந்தையின் நண்பராக இருக்கிறார். பிறகு திருடர்கள் அவனை இழுத்துச்சென்று புகுத்துகின்ற வீடு அவனுடைய சிற்றன்னையின் வீடாக இருக்கிறது. இலண்டன் அத்தனை சிறிய ஊரா என்று கேட்கத் தோன்றும். அந்தக் காலத்து நாவல்களுக்கு இது பொதுவான நோய்.

பிரதாப முதலியார் சரித்திரத்தை இந்த நோக்கோடு இரண்டாம் முறை படித்தேன். அதிலும் இந்த நோய் உண்டு. அத்தனை நாடுகள் இருக்கப் பிரதாபன் மனைவி ஆளுகின்ற நாட்டுக்கே வந்து சேர்வது ஆசிரியரின் கருணை, வேறில்லை. அந்த இடத்தில் நூல் தளர்கிறது என்றே நான் சொல்வேன். ஆனால் யானை மாலையிட்ட நிகழ்ச்சி வேறு. அதை நான் முதலில் தவறாகப் படித்திருந்தேன்.

யானை ஞானாம்பாளுக்கு எதைக் கொடுத்தது? அவள் தேடிவந்த கணவனையா? இல்லை. அவள் கேளாத ஒரு நாட்டைக் கொடுத்தது. தேடல் அதனால் முடியவில்லை, சுமை கூடியது. அவள் பெண் என்பதை மறைக்கவேண்டும், வழக்குகளைக் கேட்கவேண்டும், கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைத் திருத்தவேண்டும். நீதிமன்றங்களில் மக்கள் மொழியே வழங்கவேண்டும் என்று தம் மனத்தில் இருந்ததையெல்லாம் வேதநாயகர் இந்தப் பகுதியில்தான் எழுதினார். கடைசியில் அவள் அந்த அரசை முந்தைய அரசனின் மகள் ஆனந்தவல்லிக்கே கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்புகிறாள். தற்செயலாக வந்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

மேலும் ஒன்று. யானை மாலையோடு புறப்பட்டபோது ஞானாம்பாள் எங்கே இருந்தாள்? வீட்டிலே கதவைச் சாத்திக்கொண்டு கணவன் வருவான் என்று காத்திருக்கவில்லை. ஆண் உடை தரித்து, தன்னந்தனியே, ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தாள். 1879இல் எந்தப் பெண்ணும் கனவிலும் செய்யத் துணியாத காரியம் அது. அவள் நடந்தபடியால்தான் யானை அவளைக் காண முடிந்தது. என் கதைத் தங்கை என்ன செய்தாள்? மூன்று ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மழைக்கு ஒதுங்கினாள். அண்ணன் யாருக்கு என்று கேட்டதன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைக் கதையாசிரியர் ஒருவரின் உத்தி என்று மட்டும் எண்ணிவிடக்கூடாது. அவருடைய வாழ்க்கையே இதற்குச் சான்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் பல லட்சம் மக்கள் மாண்டார்கள். மாயூரமோ காவிரி பாயும் ஊர்; பசித்தவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். வேதநாயகர் அப்போது பதவியில் இல்லை. நாற்காலியின் அதிகாரமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. மழை வரும், யாரேனும் வருவார், அரசு ஏதேனும் செய்யும் என்று பலர் காத்திருந்தார்கள். அவர் காத்திருக்கவில்லை. தம் கைப்பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி வைத்தார். தம்மிடம் இருந்ததையெல்லாம் செலவிட்டார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி அவர்மீது கீர்த்தனம் பாடினார். எளிதில் மனிதரைப் புகழாத சிவபக்தர் ஒருவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடினார் என்றால், அந்த அடுப்பு எத்தனை நாள் எரிந்திருக்கவேண்டும்!

ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். பஞ்சம் தணிந்தது 1878. அவ்வாண்டே எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. மாலையோடு யானை வருகின்ற கதையை வெளியிட்டவர், எந்த யானையும் வாராத மூன்று ஆண்டுகளை அப்போதுதான் கடந்து வந்திருந்தார். தற்செயல் கதையிலே அழகாக வரும், வாழ்க்கையிலே அதை நம்பி அடுப்பை அணைத்து வைக்கக்கூடாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். அதிலும் பெண்ணின் கல்வியையும் குழந்தை மணத்தின் கொடுமையையும் பற்றிப் பேசினார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மறைந்தார். மாயூரத்தில் அவர் கண்ட மாணவர் உ. வே. சா., சிலப்பதிகாரத்தை ஏட்டிலிருந்து எடுத்து அச்சிட்டது 1892இல். மூன்று ஆண்டுகள் முந்திப் போய்விட்டார் வேதநாயகர். ஆராயாமல் கூறிய ஒரு தீர்ப்பால் அரசன் ஒருவன் உயிர்விட்ட காப்பியத்தை, வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து தீர்ப்புக் கூறிய அந்த முன்சீப்பு அச்சில் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

இனி என் கதைக்கு வருகிறேன். அது முழுக்கக் கற்பனை அன்று என்பதை அன்பர்கள் ஊகித்திருக்கலாம். என் அக்காள் தன் விருப்பப்படி ஒருவரை மணந்துகொண்டு இந்நகரத்தின் மேற்கே, லிங்கம்பள்ளிப் பக்கத்தில் வாழ்கிறாள். வீட்டில் அவள் பெயரைச் சொல்லக்கூடாது என்று அப்பா சொன்னார். அன்று தொட்டு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அவளும் ஒரு காரணம் என்பதை என்னிடமே நான் ஒப்புக்கொண்டதில்லை. எண்ணைத் தந்தவள் பெரியம்மா மகள். அது என் தொலைபேசியில் பெயரில்லாமல் ஓராண்டு கிடந்தது. ஒவ்வொரு முறை செகந்திராபாத் நிலையத்தில் கூட்டத்தினூடே நடக்கும்போதும் என் கண்கள் முகங்களைத் துழாவின. இருவரும் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டால் முதலில் பேசியவர் யார் என்ற கேள்வி எழாது. அப்பாவின் சொல்லை நான் மீறினேன் என்றும் ஆகாது. அதற்காகத்தான் எனக்கு ஒரு மழை தேவைப்பட்டது. நான் கதையில் வைத்த தற்செயல் என் கோழைத்தனத்தின் மறுபெயர்.

நூலைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை அக்காளை அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே அழைத்தாள். முதலில் எண்ணை யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். யாரும் அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத் சென்று, லிங்கம்பள்ளி இரயிலில் ஏறி, அவள் வீட்டுக்குப் போனேன். அத்தான் நிலையத்துக்கே வந்து அழைத்துப் போனார். அன்று மழை பெய்யவில்லை. நல்ல வெயில்.

அந்தக் கதையை இனி நான் எழுதப்போவதில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நேரில் சொல்வதாக இருக்கிறேன். அதற்கும் யானை வாராது.